எரியாத கார்

நடந்ததை முதலில் வரிசையாக எழுதிவிடுகிறேன். கேட்டவர்களுக்கெல்லாம் வெவ்வேறு இடத்திலிருந்து ஆரம்பித்துச் சொல்லிச் சொல்லி எனக்கே வரிசை குழம்பத் தொடங்கிவிட்டது.

1. மதுரையில் ஆத்தாவுக்கு மருந்து ஏற்றி முடித்து, நாங்கள் இருவரும் என் மின்சாரக் காரில் காரைக்குடிக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம்.

2. மானகிரி அருகே சாலையோரத்தில் ஒரு கார் புகைந்துகொண்டு நின்றது. அது டீசல் கார். அதில் வந்தவர்கள் இறங்கித் தள்ளிப் போய் நின்றிருந்தார்கள். யாருக்கும் காயம் இல்லை.

3. நான் காரை நன்றாகப் பின்னால் நிறுத்திவிட்டு, உள்ளே வைத்திருந்த தீயணைக்கும் சிலிண்டரை எடுத்துக்கொண்டு ஓடினேன். அடித்ததும் அடங்கியது, சிலிண்டர் காலியானதும் மறுபடி பிடித்துக்கொண்டது. தீயணைப்பு வண்டி வந்துதான் அணைத்தது.

4. காற்று திரும்பிப் புகை எங்கள் பக்கம் வந்தது. ஆத்தாவை இறக்கி ஒரு புளியமரத்தடியில் உட்கார வைத்தேன்.

5. அங்கே நின்ற யாரோ செல்போனில் படம் பிடித்தார்கள். படத்தில் முன்னால் என் கார், மின்சாரக் கார்களுக்கே உரிய அதன் பச்சை நம்பர் பிளேட். பின்னால் புகை. ஓரத்தில், தலையில் துண்டு சுற்றிய ஆத்தா. எரிந்த கார் புகைக்குள் இருந்தது.

6. அன்று மாலை ஒரு செய்திச் சேனலில் அந்தப் படம் ஓடியது: "பற்றி எரிந்த மின்சாரக் கார்! மூதாட்டி உயிர் தப்பினார்!"

7. மறுநாள் காலை ஒரு நாளிதழின் மாவட்டப் பக்கத்திலும் அதுவே வந்தது, ஆச்சரியக்குறி மட்டும் இல்லாமல்.

8. மத்தியானத்துக்குள் எங்கள் வீட்டுப் பங்காளிகளின் வாட்ஸ்அப் குழுவில், வீட்டுச் சுவரில் நான் கார் சார்ஜ் செய்யப் போட்ட சாக்கெட்டைக் கழற்ற வேண்டும் என்று எழுதிவிட்டார்கள்.

முதல் ஏழையும் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். எட்டாவதைப் பார்த்துச் சிரிக்க முடியவில்லை.

ஆத்தா என்பது என் அம்மா. அப்பாவை அப்பச்சி என்போம். எங்கள் வீடுகளில் அப்படித்தான். ஆத்தாவுக்குப் புற்றுநோய் என்று தெரிந்த பிறகு மூன்று வாரத்துக்கு ஒருமுறை மதுரைக்குப் போய் மருந்து ஏற்றிக்கொண்டு வர வேண்டியதாயிற்று. ஆரம்பத்தில் வாடகைக் காரில் போனோம். போகும்போது ஒன்றும் தெரியாது. மருந்து ஏறிய உடம்போடு திரும்பும்போது டீசல் வாடையும் எஞ்சின் அதிர்வும் சேர்ந்து அவளைப் புரட்டி எடுத்துவிடும். வண்டியை நிறுத்தச் சொல்வோம். டிரைவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பார். ஆத்தா வாயைத் துடைத்துக்கொண்டே, "தப்பா நெனைக்காதீக தம்பி" என்பாள். அவள் வாந்தி எடுப்பதைக்கூடப் பார்த்துப் பொறுத்துக்கொண்டேன். அந்தச் சொல்லைத்தான் என்னால் கேட்க முடியவில்லை.

நான் மின்னியல் படித்தவள். ஒரு பொறியியல் கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். மின்சாரக் கார் வாங்கியபோது, பூமியைக் காப்பாற்றப் புறப்பட்டுவிட்டாயா என்று உடன் வேலை பார்ப்பவர்கள் கேலி செய்தார்கள். பூமியை நான் யோசிக்கவே இல்லை. வாடை இருக்காது, அதிர்வு இருக்காது. அவ்வளவுதான் கணக்கு. கணக்கு சரியாகவும் வந்தது. வாங்கிய பிறகு ஆத்தா ஒருமுறைகூட வழியில் வாந்தி எடுக்கவில்லை. பின் சீட்டில் படுத்தபடி, "வண்டி ஓடுதாடி, நிக்கிதாடி?" என்று அவ்வப்போது கேட்பாள். அதோடு சரி.

ஒரு முழு சார்ஜில் மதுரை போய்த் திரும்பலாம். முழுதாக இருந்தால் மட்டும். விடியும் முன் கிளம்ப வேண்டும் என்பதால் முந்தைய நாளே வீட்டில் செருகிவிடுவேன். மருந்து ஏறிய உடம்போடு ஆத்தாவைச் சாலையோரச் சார்ஜரில் காக்க வைக்க முடியாது. ஊரில் உள்ள பொது சார்ஜரும் எல்லா நாளும் வேலை செய்யாது. ஆகவே அந்த சாக்கெட் இருக்கும்வரைதான் இந்தக் காரை நாங்கள் நம்பலாம்.

இப்போது வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். தெருவுக்குத் தெரு நீளும் பெரிய வீடு. வெளியூர்க்காரர்கள் பார்த்தால், இவ்வளவும் உங்களுடையதா என்பார்கள். இல்லை. அப்பச்சியோடு பிறந்தவர்கள் எல்லோருக்கும் பங்கு உண்டு. ஒவ்வொரு பங்குக்கும் பூட்டிய அறைகள் தனி, மற்றதெல்லாம் பொது. முகப்பு, நடு முற்றமும் தாழ்வாரமும் சேர்ந்த வளவு, வெளிச்சுவர், பின்வாசல் எதிலும் ஒரு ஆணி அடிப்பதென்றாலும் எல்லாப் பங்கிலும் கேட்க வேண்டும். பெரியப்பச்சி சென்னையில் இருக்கிறார். அவர் மகன், எனக்கு அண்ணன், மலேசியாவில். சின்னப்பச்சி குடும்பம் கோயம்புத்தூரில். ஊரில் இருந்து வீட்டைப் பார்த்துக்கொள்வது நாங்கள் மட்டும்.

சாக்கெட்டைப் பின்வாசல் சுவரில் போடலாமா என்று கேட்டபோது எல்லோரும் "போட்டுக்கோத்தா" என்றார்கள். தனி வயர், தனி எர்த், மின்சாரம் கசிந்தால் அந்த நொடியே துண்டிக்கும் கருவி எல்லாம் வைத்தேன். அந்த வீட்டில் மற்ற எந்த இணைப்பும் அவ்வளவு ஒழுங்காக இல்லை. வளவில் ஓடும் வயர்களை நான் பார்க்காமல் இருக்கப் பழகியிருக்கிறேன்.

செய்தி ஓடிய மாலையில் நாங்கள் மூவரும் டிவி முன்னால்தான் இருந்தோம். என் கார் திரையில் வந்தபோது, "அட, நம்ம வண்டி" என்றாள் ஆத்தா, கல்யாண வீடியோவில் தெரிந்த முகத்தைப் பார்த்ததுபோல. பிறகு எழுத்து ஓடியது.

"மூதாட்டியா? எவன்டி அவன்? நானா மூதாட்டி?"

"உசுரு தப்பிச்சேல்ல. அதுக்குச் சந்தோஷப்படு" என்றார் அப்பச்சி.

"உசுரு போனாலும் போகட்டும். மூதாட்டின்னு போட்டுட்டானே. இனிமே மருதையில நர்சுப் புள்ளைக அக்கான்னு கூப்புடுமா?"

அன்று சிரித்தோம். அதற்கப்புறம் இந்த விஷயத்தில் நாங்கள் சேர்ந்து சிரித்ததாக நினைவில்லை.

மறுநாள் காலை பின்வாசலில் காரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பின்தெருவில் குடியிருக்கும் ஒரு அக்கா நின்று, காரை முன்னும் பின்னும் பார்த்தார்.

"காரு போச்சுன்னு பேப்பர்ல பாத்தேன். மனசே கேக்கலை."

"இதுதாங்க்கா அந்தக் காரு. ஒண்ணும் ஆகலை."

"ஓ. இன்சூரன்ஸ்ல அதே கலர்லயே குடுத்துட்டாகளா?"

"இல்லக்கா, எரியவே இல்ல. எரிஞ்சது வேற வண்டி. டீசல் வண்டி."

"சரி சரி. இதையாச்சும் பாத்து வச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். கண் முன்னால் முழுதாக நிற்கும் காரைவிட அச்சில் வந்த காருக்கு அவரிடம் மதிப்பு அதிகம். அவர் மட்டும் இல்லை. கல்லூரியில் ஒருவர் என் காரின் படத்தை எனக்கே அனுப்பி, ஜாக்கிரதையாக இருக்கும்படி எழுதியிருந்தார்.

சேனலுக்குப் போன் செய்தேன். ஒருவர் இன்னொருவரிடம் கொடுத்தார், அவர் ஒரு எண்ணைக் கொடுத்தார். அது எங்கள் பகுதி நிருபருடைய எண். அவர் மறைக்கவில்லை, ஒதுங்கவும் இல்லை, வீட்டுக்கே வந்தார். ஆத்தா போட்ட காப்பியைக் குடித்துக்கொண்டே பேசினார்.

"மேடம், நான் அனுப்புனது வீடியோவும் ரெண்டு வரியுந்தேன். மானகிரி பக்கத்துல காரு தீப்பிடிச்சதுன்னு எழுதுனேன். தலைப்பெல்லாம் அங்குட்டு ஆபீசுல போடுறது. பச்சைப் பிளேட்டப் பாத்துருப்பாக, போட்டுட்டாக."

"எரிஞ்சது டீசல் கார்னு உங்க ரெண்டு வரியில இருந்துச்சா?"

"இல்ல."

"ஏன் சார் எழுதலை?"

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "டீசல் காரு எரிஞ்சா காரு எரிஞ்சதுன்னுதேன் மேடம் எழுதுவோம். என்ன காருன்னு எவனும் கேக்க மாட்டான். கரண்டு காருன்னாத்தேன் கேப்பான்."

அவரைத் திட்ட வேண்டும் என்று எண்ணியிருந்தேன். ஆனால் எனக்குத் தெரியாத ஒன்றை அவர் சொல்லவில்லை. தெரிந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டார். பழக்கப்பட்ட வண்டி எரிந்தால் அது விபத்து. புது வண்டி எரிந்தால் அது அந்த வண்டியின் குணம். இதில் பொய் சொல்ல வேண்டும் என்று யாரும் நினைத்திருக்கத் தேவையில்லை. எதற்குப் பெயர் போடுகிறோம், எதற்குப் போடாமல் விடுகிறோம் என்பதிலேயே எல்லாம் முடிந்துவிடுகிறது.

மின்சாரக் கார் எரியாது என்று நான் சொல்ல மாட்டேன். எரியும். பேட்டரியில் தீப்பிடித்தால் அணைப்பது கடினம் என்பதை நானே வகுப்பில் சொல்லித் தருகிறேன். நான் கேட்டது ஒன்றுதான். அன்று எரியாததை எரியவில்லை என்று போடுங்கள்.

நாளிதழுக்கும் எழுதினேன், திருத்தம் போட்டார்கள். உள்பக்கத்தில், ஏல அறிவிப்புக்குக் கீழே, எரிந்தது டீசல் கார் என்று நான்கு வரி. அதைப் படம் எடுத்துக் குழுவில் போட்டேன். சின்னப்பச்சி ஒரு கட்டைவிரல் போட்டார். பெரியப்பச்சி குரலில் அனுப்பினார்: "ஏத்தா, நீ சொல்றது சரியாத்தேன் இருக்கும். ஆனா வீடு பூராம் பர்மாத் தேக்குத்தா. ஒரு பொறி பட்டா என்னாகும்? படைப்புக்கு எல்லாரும் வருவோம்ல, அப்பப் பேசி முடிவு பண்ணுவோம். அதுவரைக்கும் அதுல செருகாத."

படைப்பு என்பது முன்னோருக்கு வேட்டியும் சேலையும் வைத்துக் கும்பிடும் நாள். பங்காளிகள் எங்கே இருந்தாலும் அதற்கு வந்துவிடுவார்கள். வீட்டுப் பொது விஷயங்கள் அன்று சாப்பாட்டுக்குப் பிறகு பேசப்படும். சரி என்றேன். அதுவரை ஊரில் உள்ள பொது சார்ஜர்களில் பார்த்துக்கொள்ளலாம் என்று எண்ணினேன்.

இதற்கு நடுவில்தான் இரண்டாவது சேனல் வந்தது. கார்களைப் பற்றி மட்டும் வீடியோ போடுகிறவர்கள். என் வயதுப் பெண் ஒருத்தி போனில் பேசினாள். பொய்ச் செய்தியால் பாதிக்கப்பட்டவர் தன் பக்கத்தைச் சொல்லட்டும் என்றாள். நானும், படைப்புக்கு முன்னால் பங்காளிகள் என் வாயாலேயே கேட்கட்டும் என்று ஒப்புக்கொண்டேன். என்ன சொல்ல வேண்டும் என்று வரிசை போட்டு வைத்தேன். எரிந்தது எந்த வண்டி. என் வண்டியில் எது நன்றாக இருக்கிறது: வாடை இல்லை, ஆத்தா நிம்மதியாக வருகிறாள். எது நன்றாக இல்லை: திரையில் காட்டும் தூரம் ஏசி போட்டால் வருவதில்லை, மதுரைச் சாலையில் உள்ள சார்ஜர் பல நாள் வேலை செய்வதில்லை, பழுது என்றால் வண்டி மதுரைக்குத்தான் போக வேண்டும், வீட்டில் சார்ஜ் செய்ய வழி இல்லாதவர்கள் யோசித்துத்தான் வாங்க வேண்டும்.

அவளும் கேமராவோடு ஒருவரும் வந்தார்கள். பின்வாசலில் கார் நின்றதைப் பார்த்து முகம் சுளித்தாள்.

"மேடம், இங்க வேணாம். முன்னாடி கொண்டு வந்து நிறுத்துங்களேன். வீடு என்னமா இருக்கு!"

கொண்டுபோய் முகப்புக்கு முன்னால் நிறுத்தினேன். தூண்கள், வளைவுகள், வாசல் கதவு எல்லாம் பின்னால் தெரிய, வரிசைப்படி எல்லாவற்றையும் சொன்னேன். அவள் தலையாட்டிக்கொண்டே கேட்டாள்.

வீடியோ வந்தது. நல்லது இரண்டும் இருந்தன. நல்லதல்லாத நான்கும் இல்லை. மானகிரியில் எரிந்தது டீசல் கார் என்பது ஒரு நொடியில் ஓடிப்போனது. ஆத்தா நிம்மதியாக வருகிறாள் என்று நான் சொன்ன இடத்தில் வீணை வாசித்தார்கள். கீழே ஒரு கார் விற்பனைக் கடையின் பெயர் முழு நேரமும் ஓடியது. நான் கார் வாங்கிய கடைகூட அது இல்லை.

போன் செய்தேன். "நெகட்டிவா இருந்தா பாக்க மாட்டாங்க மேடம்" என்றாள். முதல் சேனல் நெகட்டிவாக இருந்தால்தான் பார்ப்பார்கள் என்று போட்டது. இரண்டும் என் காரைத்தான் காட்டின. இரண்டிலும் நான் ஓட்டும் கார் இல்லை.

அதை மலேசியாவிலிருந்து அண்ணன் குழுவில் போட்டார்: "தங்கச்சி விளம்பரத்துல நடிக்குது." பின்னால் சிரிக்கும் முகங்கள். நான் காசு வாங்கவில்லை என்று எழுதினேன். பெரியப்பச்சி உட்பட எல்லோரும் படித்துவிட்டார்கள் என்பதற்கு நீலக் குறிகள் மட்டும் வந்தன.

படைப்பு நாளில் வீடு நிறைந்துவிட்டது. கரண்ட் போய்விட்டால் என்ன செய்வது என்று வாடகைக்கு ஜெனரேட்டர் கொண்டுவந்து பின்வாசலில் நிறுத்தியிருந்தார்கள். அது புகை கக்கிக்கொண்டு நின்ற இடத்துக்குச் சற்றுத் தள்ளிச் சமையல்காரர்கள் விறகு அடுப்பு மூட்டியிருந்தார்கள். ஜெனரேட்டருக்கான டீசல் கேன், நான் பல நாளாகச் செருகாமல் விட்டிருந்த சாக்கெட்டுக்கு நேர் கீழே இருந்தது. நான் கேனை எடுத்து வெளியே தள்ளி வைத்தேன். சொல்லிக் காட்டலாம் என்று தோன்றியது. அலுப்பாக இருந்தது, விட்டுவிட்டேன்.

சாப்பாடு முடிந்து வளவில் ஜமக்காளம் விரித்து உட்கார்ந்தார்கள். அப்பச்சி பேச்சை எடுத்தார். நான் எர்த் பற்றியும் துண்டிக்கும் கருவி பற்றியும் நிதானமாகச் சொன்னேன். பெரியப்பச்சி கடைசிவரை கேட்டார். நல்ல மனிதர். ஆத்தாவின் ஆபரேஷனுக்கு முதலில் வந்து நின்றவர் அவர்தான்.

"கரண்டு விஷயம் நீ சொன்னாச் சரித்தா. படிச்ச புள்ள. அதுல எனக்குச் சந்தேகமில்லை. முகப்புல கேமரா வச்சதுக்கு யாரைக் கேட்ட?"

எங்கள் ஊர் வீடுகளில் படப்பிடிப்பு நடக்கும். எங்கள் வீட்டிலும் நடந்திருக்கிறது. எல்லாப் பங்கிலும் கேட்டு, எல்லோரும் கையெழுத்துப் போட்டு, பிறகுதான் முகப்பில் கேமரா வைப்பார்கள். அது எனக்கு நன்றாகவே தெரியும். ஒரு பெண்ணும் சிறிய கேமராவோடு இன்னொருவரும் வந்தது படப்பிடிப்பு என்று மட்டும் எனக்குத் தோன்றவில்லை.

"அது பேட்டி பெரியப்பச்சி. ஷூட்டிங் இல்ல."

"கீழ கடைப் பேரு ஓடுச்சேத்தா. பேட்டிக்குக் கடைப் பேரு ஓடுமா?"

"அது எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா விட்டிருக்க மாட்டேன்."

"தெரியாமத்தேன் நடந்துருக்கும். நான் உன்னைய ஒண்ணும் சொல்லலை. ஆனா பாரு, சாக்கெட்டுன்னு கேட்ட, போட்டுக்கோன்னோம். இப்ப முகப்பக் கேக்காமலே குடுத்துருக்க. நாளைக்கு இன்னொரு பங்கு இன்னொண்ணு செய்யும். பொதுச் செவுத்துல தனியா ஒருத்தருக்குன்னு எதுவும் வேணாம். எல்லாருக்கும் அதே ஞாயந்தேன்."

அத்தனை நாள் தேக்கும் தீயும் பேட்டரியும் பேசினோம். கடைசியில் தீயைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அதற்கு என்னிடம் பதில் தயாராக இருந்தது. இதற்கு இல்லை.

அதுவரை தூணோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஆத்தா கேட்டாள். "அப்ப நான் எதுல மருதைக்குப் போறது?"

சின்னப்பச்சி தலையைக் குனிந்துகொண்டார். பெரியப்பச்சி ஆத்தாவைப் பார்க்காமல் அப்பச்சியைப் பார்த்துச் சொன்னார். தம்பி மனைவியிடம் அவர் நேராகப் பேசுவதில்லை.

"நல்ல ஏசிக் காரா நான் ஏற்பாடு பண்றேன்டா. வாடை வராது. போக வர எம் பொறுப்பு."

"ஏசி போட்டாலும் வருது" என்றாள் ஆத்தா. பின்கட்டில் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. யாரோ வெற்றிலைத் தட்டை நகர்த்தினார்கள். எங்கள் அறைச் சுவரில் போட்டுக்கொள்ளலாமா என்று அப்பச்சி கேட்டார். அறை உங்களுடையது, தாராளமாகப் போடு என்றார்கள். அறையிலிருந்து கார் நிற்கும் இடத்துக்கு வயர் போக வேண்டுமானால் வளவைத் தாண்டித்தான் போக வேண்டும். வளவு பொது. அப்பச்சி அதை எடுத்துச் சொல்வார் என்று பார்த்தேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

எல்லோரும் ஊர் திரும்பிய பிறகு அப்பச்சி எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு சாக்கெட்டைக் கழற்றச் சொன்னார். எர்த் நல்லா இருக்கே, ஏன் கழட்டுறீக என்று அவர் கேட்டார். "பொதுச் செவுருப்பா" என்றார் அப்பச்சி. எலக்ட்ரீசியன் ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். இந்த ஊர்க்காரர், புரிந்துகொண்டார்.

பெரியப்பச்சி சொன்னபடியே ஒரு முறை ஏசிக் கார் அனுப்பினார். புது வண்டி, சுத்தமான வண்டி. திரும்பும்போது திருப்பத்தூர் தாண்டி ஆத்தா நிறுத்தச் சொன்னாள். டிரைவரிடம், "தப்பா நெனைக்காதீக தம்பி" என்றாள். வீட்டுக்கு வந்ததும் பெரியப்பச்சிக்குப் போன் செய்து, சௌகரியமாகப் போய் வந்ததாகச் சொல்லச் சொன்னாள். சொன்னேன்.

அதற்குப் பிறகு மறுபடியும் என் காரில்தான் போகிறோம். முந்தைய நாள் கல்லூரி முடிந்ததும் ஊரில் இருக்கும் பொது சார்ஜருக்குப் போகிறேன். முன்னால் யாராவது நின்றால் காத்திருக்கிறேன். வேலை செய்யவில்லை என்றால் தேவகோட்டை வரை போகிறேன். காரில் உட்கார்ந்தே விடைத்தாள் திருத்துகிறேன். போன முறை ஒருவர் கண்ணாடியைத் தட்டி, "இந்த வண்டியெல்லாம் எரியுதாமே, பயமில்லையா?" என்று கேட்டார். இல்லை என்றேன்.

இப்போதைய நிலை இது. முதல் வீடியோவும் இரண்டாவது வீடியோவும் அப்படியே இருக்கின்றன. பின்வாசல் சுவரில் சாக்கெட் இருந்த இடத்தில் சிமென்ட் பூசியிருக்கிறது, வெள்ளை அடிக்கவில்லை. கார் நன்றாக ஓடுகிறது. ஆத்தாவுக்கு இன்னும் இரண்டு முறை மருந்து ஏற்ற வேண்டும். அடுத்தது செவ்வாய்க்கிழமை. திங்கட்கிழமை கல்லூரி முடிந்து சார்ஜ் போடப் போவேன்.